ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்: மதம் சாராத வட்டத்தை வாராவாரம் நடத்தும் முறை

கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்களுக்கு வாரத்தில் ஒருநாளாவது நாலு முகங்களைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. சாமி கும்பிடாதவர்களுக்கும், கும்பிட்டாலும் அதை வீட்டோடு வைத்துக்கொள்பவர்களுக்கும் டீக்கடைதான் கதி. அந்த டீக்கடை பெஞ்சும் பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும். உங்கள் ஊரில் ஒரு வட்டம் தொடங்கி, வாரம் தவறாமல் கூடிப் பேச நினைக்கிறீர்கள் என்றால், செய்யவேண்டியதை இந்த அத்தியாயத்தில் வரிசையாகப் பார்க்கலாம்.

யோசனை பழையது. நியூயார்க்கில் ஃபெலிக்ஸ் அட்லர் 1876-இல் தொடங்கிய அறநெறிச் சங்கம் ஞாயிறுதோறும் கூடி உரை கேட்டது. லண்டனில் 1929-இல் திறக்கப்பட்ட கான்வே ஹாலில் ஞாயிறு உரைகள் நீண்ட காலம் நடந்துவந்தன. சென்னையில் 1880-களிலேயே இலௌகிக (மதம் சாராத) சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழ் நடத்தினார்கள். சுயமரியாதை இயக்கமும் அதன் வழிவந்தவர்களும் ஊர் ஊராகப் படிப்பகம் திறந்தார்கள். 2013-இல் லண்டனில் தொடங்கிய ‘சண்டே அசெம்பிளி’ சீக்கிரமே பல நாடுகளுக்குப் பரவியது. சில ஆண்டுகளில் அதன் கிளைகள் பல ஓய்ந்தும் போயின. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பாட்டு, இசைக்குழு, பேச்சு என்று தொண்டர்கள் தலையில் ஏறிய சுமை அதற்கு ஒரு காரணம். வரலாறு இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆண்டுவிழாவைப் பேச்சாளரை நம்பி நடத்தலாம். வாராந்திரக் கூட்டத்தை அப்படி நடத்த முடியாது. ஐந்தரை என்றால் ஐந்தரைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், நாற்காலி போட்டிருக்க வேண்டும். இனி வரும் யோசனைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதல் கூட்டத்துக்கு முன்

1. ஐந்து பேரைச் சேருங்கள். ஐம்பது பேர் கொண்ட வாட்ஸாப் குழுவைத் தொடங்கிவிட்டு ஆளைத் தேடாதீர்கள். வாரம் ஒருவர் வர முடியாமல் போனாலும் வேலை நிற்காது என்கிற அளவுக்கு ஐந்து பேர் போதும். அதில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வட்டங்களில் பிறகும் பெண்கள் வருவதில்லை.

2. நாளையும் நேரத்தையும் ஒருமுறை முடிவுசெய்து, பிறகு மாற்றாமல் இருங்கள். பெரும்பாலான ஊர்களுக்கு ஞாயிறு மாலை 5:30 முதல் 7:30 வரை ஒத்துவரும். காலையில் கறிக்கடை, மதியம் தூக்கம், இரவு மறுநாள் வேலைக்கான கவலை; நடுவில் கிடைப்பது இந்த இரண்டு மணி நேரம்தான். ஞாயிறு 4:30 முதல் 6 வரை ராகு காலம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதற்காக நேரத்தை மாற்றவும் வேண்டாம், “ராகு காலத்தில் தொடங்குகிறோம் பார்” என்று நோட்டீஸில் போட்டுச் சவால் விடவும் வேண்டாம். வர நினைக்கும் பக்கத்து வீட்டு அக்கா அந்தச் சவாலைப் பார்த்துத் தயங்குவார்.

3. ஆடியிலோ மார்கழியிலோ தொடங்குங்கள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவும் அதிகம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்கும். மண்டபத்தின் மாடி அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். வைகாசியிலோ ஆவணியிலோ தொடங்கினால், மூன்றாவது வாரமே பாதிப்பேர் மொய் எழுதப் போயிருப்பார்கள்.

4. எட்டு வாரத்துக்கான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கூட்டத்தை அறிவியுங்கள். “அடுத்த வாரம் யாரைக் கூப்பிடலாம்?” என்ற கேள்வி வியாழக்கிழமை எழுந்தால் வட்டம் ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

5. ஒரு பக்கத்துக்குள் விதிமுறை எழுதுங்கள். கட்சிக் கொடி, சாதிச் சங்கப் பெயர், வழிபாடு மூன்றும் கூட்டத்துக்குள் இல்லை; எந்த மதத்தவரும், மதம் இல்லாதவரும் வரலாம்; கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தாக்கக் கூடாது. பத்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

6. அறிவிப்பை எளிமையாகச் செய்யுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம். கிளை நூலகம், மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடை ஆகிய இடங்களில் கையால் எழுதிய ஏ4 தாள் ஒன்று போதும். அதில் நாள், நேரம், இடம், தலைப்பு, “அனுமதி இலவசம், முடியும் நேரம் 7:30” என்ற ஐந்து தகவல்கள் இருக்கட்டும். முடியும் நேரத்தைப் போடாத நோட்டீஸை நம்பி, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் வர மாட்டார்.

குறிப்பு: குத்துவிளக்கு, இறைவணக்கம் இரண்டும் இல்லாமல் தொடங்குவது சிலருக்கு வெறுமையாகத் தோன்றும். தமிழ்த்தாய் வாழ்த்து பாடலாமா என்பதை ஐவரும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பாடினால் ஒழுங்காகப் பாடுங்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடிகளில் பாட வேண்டும் என்கிறது. செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை அதன்மேல் பிடித்து நிற்பதைவிடப் பாடாமலே இருக்கலாம்.

இடம்: எல்லோரும் நுழையக்கூடிய வாசல்

முதலில் விசாரிக்க வேண்டியது கிளை நூலகம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்த அறையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல நூலகங்களில் வாசகர் வட்டம் பெயரளவில் இருக்கும். நூலகருக்கும் அதற்கு உயிர்கொடுக்க ஆள் தேவை. அடுத்ததாகப் பள்ளி வகுப்பறை, தொழிற்சங்க அலுவலகம், டியூஷன் சென்டர். டியூஷன் சென்டரில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் அரைமணிக்கு மேல் முதியவர்களால் உட்கார முடியாது. பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுங்கள்.

இடம் இலவசமாகக் கிடைக்கிறது என்றவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். அது யாருடைய இடம், எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாதியாரின் திருமண மண்டபத்தில் மாடியை ஓசியில் கொடுப்பார்கள். உங்களுக்குள் சாதி இல்லாமல் இருக்கலாம். மண்டபத்தின் முகப்பில் பெயர் இருக்கிறதே. அந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று நினைப்பவர் உங்களிடம் காரணம் சொல்ல மாட்டார், வராமல் இருப்பார், அவ்வளவுதான். ஊருக்குள் ஒரு தெருவின் நடுவே இருக்கும் வீட்டைவிட, பேருந்து நிலையத்தை ஒட்டிய அறை நல்லது. கடைத்தெரு யாருக்கும் சொந்தமில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். புதிதாக வருபவரிடம் “எந்த ஊரு?” என்று கேட்கலாம். “அந்த ஊர்ல எந்தத் தெரு?”, “அப்பா பேரு?”, “அங்க நம்ம இன்னாரைத் தெரியுமா?” என்று மேலே போகிற விசாரணைக்கு என்ன பொருள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். வரவேற்பில் நிற்பவர்களுக்கு இதை வெளிப்படையாகவே சொல்லிவையுங்கள். பெயரையும், இந்தக் கூட்டம் பற்றி எப்படித் தெரிந்தது என்பதையும் கேட்டால் போதும்.

பார்த்து முடிவெடுக்க வேண்டிய மற்றவை: பெண்கள் பயன்படுத்தக்கூடிய, உள்தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை (முதலில் நீங்களே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள்), வாசலில் தெருவிளக்கு, படி ஏறாமல் நுழைய வழி, இரண்டாவது கதவு.

அன்று மாலை

4:45. இருவர் வந்து அறையைப் பெருக்கி நாற்காலி போடுகிறார்கள். வரிசையாகப் போட வேண்டாம், அரைவட்டமாகப் போடுங்கள். மேடை வேண்டாம். பத்துப் பேர் வருவார்கள் என்றால் பன்னிரண்டு நாற்காலிகளை மட்டும் போட்டு, மீதியை அடுக்கியே வையுங்கள். நாற்பது காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுபவருக்குச் சுருதி இறங்கிவிடும்.

5:15. வாசலில் ஒருவர் நிற்கிறார். புதியவரைப் பழையவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வைப்பது அவர் வேலை.

5:30. தொடக்கம். மூன்று பேர்தான் இருக்கிறார்களா? மூன்று பேரோடு தொடங்குங்கள். “இன்னும் கொஞ்சம் பேர் வரட்டும்” என்று ஆறு மணிவரை காத்திருந்தால், சரியாக வந்த மூவரும் அடுத்த வாரம் ஆறு மணிக்கு வருவார்கள். அடுத்த மாதம் தொடக்கம் ஆறரை ஆகிவிடும்.

5:30 – 5:40. நலம் விசாரிப்பு. வந்தவர்களில் விரும்புகிறவர்கள் அந்த வாரத்துச் செய்தி ஒன்றை ஓரிரு வரியில் சொல்லலாம்: மகளுக்கு வேலை கிடைத்தது, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ரேஷன் கடையில் இன்ன பிரச்சினை. இந்தப் பத்து நிமிடத்தை உரைக்கு நேரமில்லை என்று வெட்டாதீர்கள். சனிக்கிழமை இரவு ரத்தம் தேவைப்பட்டால் யாருக்குப் போன் போடுவது என்பது இங்கேதான் தெரியவருகிறது.

5:40 – 6:15. உரை. முப்பத்தைந்து நிமிடம்.

6:15 – 6:50. கேள்விகள்.

6:50 – 7:20. டீ.

7:30. பூட்டு.

வழக்கமான தவறு: வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று பழகிப்போன வரிசையை இங்கேயும் கொண்டுவருவது. மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் ‘அவர்களே’ போட்டு அழைத்து முடிப்பதற்குள் கால்மணி போய்விடும். ஒருவர் எழுந்து, “இன்னிக்கு இவங்க இதைப் பத்திப் பேசப்போறாங்க. ஆறே காலுக்கு முடிப்பாங்க. அப்புறம் கேள்வி கேக்கலாம்” என்று சொல்லி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. பொன்னாடையும் வேண்டாம். ஒரு புத்தகம் கொடுங்கள், அல்லது போக்குவரத்துச் செலவைக் கவரில் வைத்துக் கொடுங்கள். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்தவருக்குச் சால்வையைவிட அது உதவும்.

யாரைப் பேச அழைப்பது

புகழ்பெற்ற பேச்சாளரைத் தேடி அலையாதீர்கள். அவர் ஒருநாள் வருவார், அன்று இருநூறு பேர் வருவார்கள், அடுத்த ஞாயிறு பழைய பன்னிரண்டு பேர் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊரிலேயே ஒரு வேலையை முப்பது வருடம் செய்தவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அறுந்து விழுந்த கம்பியை என்ன செய்ய வேண்டும் என்று மின்வாரிய லைன்மேன் சொல்லட்டும். மார்பு அழுத்தம் கொடுக்கும் முறையை 108 ஊழியர் தலையணையை வைத்துக் காட்டட்டும். ஓடிபி கேட்டு ஏமாற்றும் கும்பலைப் பற்றியும், பணம் போனால் உடனே 1930 எண்ணை அழைப்பது பற்றியும் வங்கி ஊழியர் பேசட்டும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றுக்கு என்ன வேறுபாடு என்று பத்திர எழுத்தர் விளக்கினால், அறை நிரம்பிவிடும்.

எட்டு வாரங்களில் ஐந்துக்கு மேல் உரை வேண்டாம். ஒரு வாரம் எல்லோரும் படித்துவிட்டு வந்த சிறுகதை; ஒரு வாரம் பக்கத்துக் குளத்துக்கோ பழைய சமணப் பள்ளிக்கோ நடை; ஒரு வாரம் பேச்சாளரே இல்லாமல், ஒரு கேள்வியைச் சுற்றிப் பேசுவது. “வீட்டில் இழவு விழுந்தால் சடங்கு இல்லாமல் என்ன செய்வது?” என்ற கேள்வியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். எந்தச் சிறப்புரைக்கும் வாய் திறக்காதவர்கள் அன்று பேசுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பிறந்தநாள், நினைவுநாள் நோய். செப்டம்பர் 17 பெரியார், ஏப்ரல் 14 அம்பேத்கர், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்று ஆரம்பித்தால், ஐம்பத்திரண்டு ஞாயிறுக்கும் ஒரு தலைவர் கிடைப்பார். ஒவ்வொரு வாரமும் அதே புகழுரைதான் வரும். ஆண்டுக்கு நான்கைந்து நாட்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவரவர் இயக்கங்களிடம் விட்டுவிடலாம். பெண் பேச்சாளரை மார்ச் 8-க்கு மட்டும் தேடுவதும் இந்த நோயின் இன்னொரு வகைதான்.

பேச்சாளரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டியவை:

1. உரை முப்பத்தைந்து நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் முன்வரிசையில் இருப்பவர் ‘5’ என்று எழுதிய அட்டையைத் தூக்குவார்.

2. கேள்வி உண்டு. மறுத்தும் கேட்பார்கள்.

3. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. எந்த மதத்தையும் விமர்சிக்கலாம், அதைப் பின்பற்றுகிறவரைக் கேலி செய்யக் கூடாது.

4. புதன்கிழமை ஒருமுறை போன் செய்வோம். வர முடியாது என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

நாலாவதைச் சொல்லியும் ஞாயிறு நாலு மணிக்கு “காய்ச்சல்” என்று போன் வரும். அதற்காக மாற்று ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருங்கள்: அரைமணியில் சத்தமாக வாசித்து முடிக்கக்கூடிய ஒரு கட்டுரை, பத்துப் பிரதி.

கேள்வி நேரம்

கூட்டத்தின் உயிரும் இதில்தான், வம்பும் இதில்தான். நம் ஊரில் கேள்வி கேட்க எழுந்திருப்பவர் முதல் ஐந்து நிமிடம் உரையைப் பாராட்டுவார், அடுத்த ஐந்து நிமிடம் தன் அனுபவத்தைச் சொல்வார், “இது என் கருத்து” என்று உட்காருவார். கேள்வி வராது. அவர் கெட்டவர் அல்ல. வாரம் முழுக்க அவர் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நெறியாளர் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை:

1. உரை முடிந்ததும் இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசி, ஒரு கேள்வியைச் சேர்ந்து யோசிக்கச் சொல்லுங்கள். எழுந்து பேசக் கூச்சப்படுகிறவர்கள் இதில் பிழைப்பார்கள்.

2. துண்டுச் சீட்டையும் நான்கைந்து பென்சிலையும் சுற்றுக்கு விடுங்கள். பெயர் எழுத வேண்டாம். எழுதத் தெரியாதவரோ முடியாதவரோ இருப்பார். சீட்டு சேகரிப்பவர் அவர் காதருகே குனிந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

3. முதல் கேள்வியை, இதுவரை பேசாத ஒருவருக்குக் கொடுங்கள். ஆண் ஒருவர் முதலில் கேட்டால் பிறகு வரிசையாக ஆண்களே கேட்பார்கள். முதல் வாய்ப்பைப் பெண்ணுக்குக் கொடுத்தால் இந்த வரிசை கலைந்துவிடும்.

4. ஒருவருக்கு ஒரு நிமிடம். தாண்டினால் நெறியாளர் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி கையாட்டினால் யாரும் நிறுத்த மாட்டார்கள். “ஐயா, நீங்க சொன்னதுல இருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் கேளுங்க, மிச்சத்தை டீ குடிக்கும்போது பேசுவோம்” என்று சொல்லுங்கள். குரல் உயர வேண்டாம்.

5. பதில் தெரியாத கேள்விக்குத் “தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறோம்” என்று பேச்சாளர் சொல்லலாம் என்பதை முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி, அடுத்த வாரம் மறக்காமல் பதில் சொல்லுங்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பின் 51அ பிரிவில் சேர்த்தார்கள். அதை வருடம் ஒருமுறை மேடையில் மேற்கோள் காட்டுவதைவிட இந்த நோட்டு பயனுள்ளது.

குடித்துவிட்டு வந்து குறுக்கே பேசுபவரை எப்படிச் சமாளிப்பது? முன்னால் நின்றபடி பதில் சொல்லாதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் போய், “வாண்ணே, வெளிய காத்தாட நிப்போம்” என்று அழைத்துப் போகட்டும். இரண்டு பேருக்கு மேல் எழுந்து போகக் கூடாது. கும்பலாகச் சூழ்ந்தால் சண்டைதான்.

டீ

இதை விருந்தோம்பல் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். கேள்வி நேரத்தில் வாயே திறக்காதவர் டீ டம்ளரோடு பேச்சாளரை ஓரமாக மடக்கிக் கேட்கும் கேள்விதான் பெரும்பாலும் அன்றைக்கு நல்ல கேள்வி. ஒரு சுண்டல், ஒரு டீ. அதற்கு மேல் போனால் அடுத்தவர் போட்டிக்குக் கேசரி கொண்டுவருவார், அதற்கடுத்தவர் கூட்டத்துக்கே வராமல் போவார்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். கழுவுவது சுழற்சி முறையில். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். பட்டியல் இல்லையென்றால் யார் கழுவுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பேச்சில் சமத்துவம் பேசிவிட்டு, டம்ளர் கழுவ இரண்டு பெண்களைப் பின்கட்டுக்கு அனுப்பும் கூட்டத்தைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பு

மின்சாரம். முப்பது பேருக்குள் என்றால் மைக் வேண்டாம். வைத்தால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவர் பிளக்கில் நுழையவில்லை என்று மேலே இருக்கும் தடித்த எர்த் பின்னை யாராவது உடைத்திருப்பார்கள். அந்தப் பாக்ஸைத் தூக்கி எறியுங்கள். ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்தால், மைக்கை வாயருகே கொண்டுபோகும்போது உதட்டில் சுருக்கென்று தைக்கும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்பவருக்கு அது சுருக்கென்பதோடு நிற்காது. வயரை நடைபாதையின் குறுக்கே விடாமல் சுவரோரமாக ஒட்டுங்கள்.

ஒலி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக இருக்கலாம். அறைக்குள் ஸ்பீக்கர் இல்லாமல் கூடினாலும், காவல் நிலையத்தில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

செய்முறைகள். ‘அற்புதங்களின்’ குட்டை உடைக்கும் ‘மந்திரமா தந்திரமா’ நிகழ்ச்சிக்கு எப்போதும் கூட்டம் வரும். பகுத்தறிவாளர்கள் ஆப்ரகாம் கோவூரும் பிரேமானந்தும் காட்டிய வழி அது. நாக்கில் கற்பூரம் ஏற்றுவது, தீயில்லாமல் தீப்பற்ற வைப்பது போன்றவற்றைப் பழகியவர் மட்டுமே செய்ய வேண்டும். செய்பவர் பருத்திச் சட்டை அணிய வேண்டும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். மணல் வாளி கையெட்டும் தூரத்தில், முதல் வரிசை மூன்று மீட்டர் தள்ளி, ஃபேன் நிறுத்தி. ரசாயனங்களின் அளவையும் கலக்கும் முறையையும் பிள்ளைகள் முன் விளக்காதீர்கள். திங்கட்கிழமை ஒருவன் வீட்டில் செய்து பார்ப்பான். பாம்பு பற்றிப் பேச வருபவர் உயிருள்ள பாம்பைக் கொண்டுவரக் கூடாது. வனவிலங்குச் சட்டம், 1972 குறுக்கே நிற்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்திலேயே காட்டலாம்.

பேச்சு. மத உணர்வைத் திட்டமிட்டு, தீய எண்ணத்தோடு புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவின்படி குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ-தான் அது. நூலில் இருப்பதை விமர்சிப்பதும், கும்பிடுகிறவரை அவமதிப்பதும் வேறு வேறு என்பதைப் பேச்சாளருக்கு நினைவூட்டுங்கள். உரை முழுவதையும் ஒலிப்பதிவு செய்து பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஒரு வரியை வெட்டி எடுத்து யாராவது பரப்பினால், முழுப் பேச்சு உங்களிடம் இருக்கும்.

படமும் முகவரியும். மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் புனேயில் காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கோவையில், கடவுள் மறுப்பைப் பேசிவந்த இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். பயந்து முடங்கச் சொல்லவில்லை. கவனமாக இருக்கச் சொல்கிறேன். பேச்சாளரின் வீட்டு முகவரியையும் பயண நேரத்தையும் குழுவில் போடாதீர்கள். மிரட்டல் வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். கூட்டத்தினரின் முகம் தெரியும் படத்தைக் கேட்காமல் வெளியிடக் கூடாது. இங்கே வருவது வீட்டுக்குத் தெரியாதவர்கள் உங்கள் கூட்டத்திலும் இருப்பார்கள், முக்கியமாக இளம்பெண்கள். படம் வேண்டுமென்றால் பின்வரிசையிலிருந்து பேச்சாளரை மட்டும் எடுங்கள்.

பிள்ளைகள். உரை நேரத்தில் பிள்ளைகளைத் தனி மூலையில் வைத்துக் கதை சொல்வது நல்ல ஏற்பாடு. அங்கே எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்; அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கதவைச் சாத்தக் கூடாது. பெற்றோர் அல்லாதவரோடு பிள்ளையை அனுப்பக் கூடாது, அவர் எவ்வளவு மூத்த உறுப்பினராக இருந்தாலும். 1098, 112, 108 ஆகிய மூன்று உதவி எண்களையும் கதவருகே எழுதி ஒட்டுங்கள்.

பணம்

வாசலில் மூடி போட்ட ஒரு டப்பா. யார் எவ்வளவு போட்டார் என்று பார்க்க வேண்டாம். போடாதவரைப் பார்க்கவே வேண்டாம். கூட்டம் முடிந்ததும் இருவர் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். மாதக் கடைசி ஞாயிறு அந்தப் பக்கத்தை எல்லோர் முன்னும் வாசியுங்கள். ஒருவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் வாங்கும் ஏற்பாடு வசதிதான். ஆறு மாதத்தில் எது வட்டத்துப் பணம், எது அவர் மளிகைப் பணம் என்று பிரிக்க முடியாமல் போகும். இருவர் கையெழுத்துள்ள தனிக் கணக்கு வேண்டும்.

வட்டம் நிலைத்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்யலாம்; குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் கிடைக்கும். முதல் மாதமே பதிவுக்கு ஓடாதீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகள் வந்துவிட்டால் நாற்காலி போட ஆள் குறைந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் நன்கொடை தருகிறேன் என்றால், அவர் குடியுரிமையை முதலில் கேளுங்கள். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவரிடமிருந்து வருவது வெளிநாட்டு நன்கொடை; 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வட்டம் அதை வாங்கக் கூடாது.

வருகை குறையும்போது

குறையும். பொதுத்தேர்வு மாதங்களில், ஐப்பசி மழையில், தீபாவளி வாரத்தில், இந்தியா ஆடும் இறுதிப்போட்டி அன்று. இந்த வாரங்களை முன்பே தெரிந்து, எளிய நிகழ்ச்சியாக வையுங்கள். கூட்டத்தை ரத்து செய்ய வேண்டாம். இரண்டு பேர் வந்தாலும் அறையைத் திறந்து, டீ போட்டு, மாற்றுக் கட்டுரையை வாசித்துவிட்டுப் பூட்டுங்கள். “போன வாரம் நடந்துச்சா?” என்று ஊரில் யாரும் கேட்கும்படி ஆகக் கூடாது.

மூன்று வாரம் தொடர்ந்து வராதவருக்கு ஒருவர் போன் செய்யட்டும். “ஏன் வரல?” என்று கேட்காமல், “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் காரணம் தானே வரும். பாதி நேரம் அது உடம்பு சரியில்லாமையாக இருக்கும். மீதியில் ஒரு பகுதி, கூட்டத்தில் யாரோ சொன்ன ஒரு சொல். அந்தச் சொல் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்ஸாப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் அமைப்பை வையுங்கள். வாரம் இரண்டு செய்தி: வியாழன் தலைப்பு, ஞாயிறு காலை நினைவூட்டல். காலை வணக்கப் படங்களும் கட்சிச் சண்டையும் உள்ள குழுவை எல்லோரும் ம்யூட் செய்துவிடுவார்கள், அறிவிப்பும் அதோடு போய்விடும்.

பொறுப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள்:

1. இப்போது நெறியாளராக இருப்பவர், அடுத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்கு கூட்டங்கள் நடத்த வேண்டும். பிறகு நான்கு கூட்டங்களைப் புதியவர் நடத்த, பழையவர் பின்வரிசையில் உட்கார வேண்டும். குறுக்கே பேசக் கூடாது.

2. கணக்கு நோட்டு, கேள்வி நோட்டு, பேச்சாளர் பட்டியல், காவல் நிலையக் கடித நகல், டம்ளர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.

3. அறைச் சாவி இரண்டு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.